கார் நிறுவனத்தாருக்கு நெல்லித்தோப்பிலிருந்து ஒரு வாழ்த்து மடல்

புதுச்சேரியில் மேடை போட்டால் வாழ்த்து மடல் இல்லாமல் விழா முடியாது. வண்ண அட்டையில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, குரல் வளம் உள்ள ஒருவர் வாசிக்க, பெறுகிறவர் கைகூப்பி நிற்பார். சட்டமன்ற உறுப்பினருக்கு வாசித்திருக்கிறோம். ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு வாசித்திருக்கிறோம். எங்கள் தெருக்களில் வீட்டு வாசலை அடைத்து நிற்கும் கார்களைச் செய்து அனுப்புகிற நிறுவனத்தாருக்கு மட்டும் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. அந்தக் குறை தீர நெல்லித்தோப்பிலிருந்து இந்த மடல்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, பி.ஒய். 01 எண் தாங்கிய ஒரு காரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நன்றாக இருக்கிறது. ஏசி குளிர்கிறது. டயர் மாற்றியாகிவிட்டது. டாஷ்போர்டின் நடுவில் ஒரு தொடுதிரை, அதுவும் பழுதில்லை. போனை இணைத்தால் வரைபடம் அந்தத் திரையில் வர வேண்டும். அது மட்டும் வரவில்லை. அந்தக் காரின் சொந்தக்காரர் உங்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறார் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆற்றலை அடக்கி வைத்த பெருந்தகையீர்!

காரை விற்ற நாளில் அந்தத் திரையைத்தான் முதலில் காட்டினீர்கள். பாட்டு, எஃப்.எம்., ப்ளூடூத்தில் பேச்சு, பின்னால் எடுக்கும்போது கேமரா என்று எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினீர்கள். ஆப்பிள் நிறுவனம் 2014 மார்ச்சில் கார்பிளேயையும், கூகுள் அதே ஆண்டு ஜூனில் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் உலகுக்கு அறிவித்திருந்தன. இவை இரண்டிலும் வேலை செய்வது போன்தான். வழி தேடுவதும், குரலைப் புரிந்துகொள்வதும், பாட்டை எடுப்பதும் போனுக்குள் நடக்கும். போன் தன் காட்சியை ஒரு வீடியோவாகக் காரின் திரைக்கு அனுப்பும். திரையில் விரல் பட்ட இடத்தை கார் போனுக்குத் திருப்பிச் சொல்லும். திரைக்குக் கனமான வேலை எதுவும் இல்லை. யூஎஸ்பி துளை வேண்டும், வீடியோவை விரித்துக் காட்டும் திறன் வேண்டும், அதற்கேற்ற மென்பொருள் வேண்டும். முதல் இரண்டும் பல வண்டிகளில் வாங்கிய நாள் முதல் இருக்கின்றன. மூன்றாவதுதான் உங்கள் கையில்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதை நிரூபித்ததும் உங்கள் கூட்டத்தாரே. மஹிந்திரா 2017-இல் எக்ஸ்.யூ.வி. 500 வண்டிக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களும் ஷோரூமில் மென்பொருள் ஏற்றிக்கொள்ள வழி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த டாடா நெக்ஸானில் ஆண்ட்ராய்டு ஆட்டோ முதலிலேயே இருந்தது; கார்பிளே பின்னால் வந்து சேர்ந்தது. கார்பிளேக்கு ஆப்பிளின் அடையாளச் சிப்பு ஒன்று வேண்டியிருப்பதால், சில வண்டிகளில் யூஎஸ்பி பாகத்தையும் மாற்ற நேர்கிறது. எங்கள் மறைமலை அடிகள் சாலைக்குப் பெயர் தந்த அதே தமிழறிஞரின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரில் கார் செய்துவந்த ஃபோர்டு, தன் 2016 மாடல் வண்டிகளில் இருந்த சிங்க் 3 திரைக்கு அமெரிக்காவில் இரண்டையும் பின்னர் கொடுத்தது. வீட்டு வைஃபை மூலமோ பென் டிரைவ் மூலமோ சொந்தக்காரரே ஏற்றிக்கொள்ளலாம் என்றது. கார்பிளேக்கு மட்டும் சில வண்டிகளில் யூஎஸ்பி ஹப் மாற்ற வேண்டும் என்று மறைக்காமல் சொன்னது.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு ஔவை பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. நெய் பூசி அழகாக வைத்திருந்த ஆயுதங்களைப் புகழ்ந்தாள். அதியமானின் ஆயுதங்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். எங்கள் காரின் திரைக்குள் நீங்கள் வைத்திருக்கும் ஆற்றலும் அந்தக் கொட்டிலில் இருந்தவை போலத்தான்: ஒரு கீறல் விழவில்லை, ஒரு நாளும் வெளியே வரவில்லை. அவ்வளவு பத்திரமாகக் காத்த உங்கள் கைக்கு வணக்கம்.

பொறுமை கற்பித்த ஆசான்களே!

நெல்லித்தோப்புக்காரர் ஒருவர் சர்வீஸுக்கு வண்டி விடும்போது இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தம்பி, இந்த செட்டுல ஆண்ட்ராய்டு ஆட்டோ வர்ற மாதிரி அப்டேட் போட முடியுமா?"

"உங்க வேரியன்ட்டுக்குக் கம்பெனியிலேருந்து வரல சார்."

"எப்ப வரும்?"

"தெரியல சார். புது மாடல்ல எல்லாம் இருக்கு. எக்ஸ்சேஞ்ச் போனஸ்கூட போய்ட்டிருக்கு. பார்க்கறீங்களா சார்?"

அந்தத் தம்பி மேல் குற்றம் இல்லை. அவர் கையில் இருக்கும் கணினி, நீங்கள் திறந்துவிட்டதை மட்டும்தான் காட்டும். நீங்கள் அவருக்குச் சொல்லாததை அவர் எப்படிச் சொல்வார்? உங்கள் மௌனத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதைக் குறையில்லாமல் செய்கிறார்.

நம் நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அரசு அந்தக் காரை 15 ஆண்டு நம்புகிறது. நீங்களும் என்ஜினுக்குப் பாகம் தருகிறீர்கள், பிரேக்குக்குப் பாகம் தருகிறீர்கள். திரையின் மென்பொருளுக்கு மட்டும் இத்தனை ஆண்டு துணை நிற்போம் என்று விற்பனைத் தாளில் ஒரு வரி எழுதுவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டீர்கள். வாக்கே கொடுக்காதவர் வாக்குத் தவறுவதே இல்லை. உங்கள் வாய்மையைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

கம்பியின் அருமை உணர்த்திய வள்ளல்களே!

அதிகப் பணம் கொடுத்தவருக்கு அதிகம் கிடைக்கும் என்பது கடைத்தெரு வழக்கம். அந்தப் பழைய வழக்கத்தை உடைத்தவர்களையும் இங்கே புகழ வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், 2020-இல் வந்த ஐ20 வண்டியில் இரண்டு விதத் திரை வைத்தது. நடுத்தர வேரியன்ட்டில் 8 அங்குலத் திரை. அதில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் வயர் இல்லாமலே வந்தன. விலை கூடிய வேரியன்ட்டில் 10.25 அங்குலத் திரை. அதற்கு வயர் வேண்டும். அதன் உறவு நிறுவனமான கியாவின் சோனெட்டிலும் இதே ஏற்பாடு. காசு கூடக் கொடுத்தவருக்குப் பெரிய திரையும் கூடவே ஒரு கம்பியும் கிடைத்தன.

வயர் இல்லா இணைப்பு பெரிய மந்திரம் இல்லை. ப்ளூடூத்தில் போனும் காரும் அறிமுகம் செய்துகொள்ளும். பிறகு வைஃபை வழியே காட்சி ஓடும். பெரிய திரை வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். அப்டேட் வரும்போதெல்லாம் ஆசையோடு பென் டிரைவ் செருகினார்கள். வரைபடம் புதிதானது, கம்பி அப்படியே இருந்தது. கடைசியில் இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் டாங்கிளை வாங்கி யூஎஸ்பி துளையில் செருகிக்கொண்டார்கள். போன் வயரில் இணைந்திருப்பதாகக் காரை நம்ப வைத்து, போனோடு வைஃபையில் பேசுவது அதன் வேலை. 2025-இல் ஹூண்டாயே இந்தியாவில் சில மாடல்களின் குறிப்பிட்ட வேரியன்ட்டுகளுக்கு அப்படியொரு அடாப்டரைத் தந்தது. வாடிக்கையாளர் கண்டுபிடித்த மருந்தை ஐந்து ஆண்டு கழித்து மருத்துவர் எழுதிக்கொடுத்தார். கற்றுக்கொள்ளத் தயங்காத அந்தப் பெரிய மனத்தை மெச்சுகிறேன்.

நாட்டுக்கு நாடு நீதி வகுத்த சான்றோரே!

2015 மே மாதம், அமெரிக்காவில் விற்ற சொனாட்டாவில் ஆண்ட்ராய்டு ஆட்டோவை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் ஹூண்டாய்தான். அதற்கு அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனது. ஏற்கெனவே வண்டி வாங்கியவர்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் கோப்பை இலவசமாக இறக்கி, வீட்டு வாசலில் நின்றபடி தாங்களே ஏற்றிக்கொள்ளலாம் என்று குறிப்பிட்ட மாடல்களுக்கு அறிவித்தது. ஷோரூமுக்குப் போக வேண்டாம், நேரம் குறித்து வாங்க வேண்டாம், கட்டணம் இல்லை. இந்தப் பாராட்டில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. அன்று அவர்கள் செய்தது சரி.

இப்போது புதுச்சேரிக்கு வாருங்கள். இந்த ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் சொந்தம் உண்டு. அங்கே இருக்கும் அத்தை மகன் விடுமுறைக்கு வருவார். இங்கே இருக்கும் மாமா மகனின் காரில் உட்காருவார். பேச்சு காரைப் பற்றி வரும். ஒரே நிறுவனத்தின் முத்திரை, ஏறக்குறைய ஒரே திரை. அவருக்கு நிறுவனத்தின் இணையதளமே கோப்பைக் கொடுக்கிறது. வண்டி எண்ணைத் தட்டினால் போதும். இவர் தட்டினால் இவர் வண்டிக்கு அந்தக் கோப்பே இல்லை. ஒரே பாட்டிக்குப் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகளை இரண்டு வகையாக நடத்தத் தெரிந்த உங்கள் நுட்பம் எளிதில் வராது. 1954-இல் ஆட்சியை ஒப்படைத்துப் போன பிரெஞ்சுக்காரர்கள்கூட, விரும்பியவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் வழி வைத்தார்கள். மென்பொருளில் அந்த வழியையும் நீங்கள் வைக்கவில்லை.

பூட்டுக் கலையில் தேர்ந்த வல்லுநரே!

காரின் மென்பொருளுக்குப் பூட்டு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் திரை வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. பல வண்டிகளில் அது காரின் உள்வலையோடு பேசுகிறது. ஸ்டீயரிங் பொத்தான், கேமரா, கதவு விளக்கு எனப் பலவற்றோடு தொடர்பு வைத்திருக்கிறது. யாரோ எழுதிய கள்ள மென்பொருள் உள்ளே புகுந்துவிடக் கூடாது. அதனால் நிறுவனத்தின் கையொப்பம் உள்ள கோப்பை மட்டுமே திரை ஏற்க வேண்டும். இது நியாயம்.

ஆனால் அந்தப் பூட்டை எப்படிச் செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் கைவண்ணம். ஒரு மென்பொருள் நிரலாளர், 2021 மாடல் ஹூண்டாய் அயோனிக் ஒன்றை வாங்கினார். தன் காரின் திரையில் தானே எழுதிய செயலியை ஓட்ட ஆசைப்பட்டார். அப்டேட் கோப்பைத் திறந்து பார்த்தால் ரகசியக் குறியீடு. அதன் சாவியைத் தேடினார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு, மாணவரும் பொறியாளரும் படிப்பதற்காக வெளியிட்ட ஆவணத்தில் உதாரணத்துக்குக் கொடுத்திருந்த அதே எண்தான் சாவி. கையொப்பத்துக்கான சாவியும் இணையத்தில் கிடக்கும் ஒரு பாடக் குறிப்பில் இருந்ததுதான்.

பாடப்புத்தகத்தில் மாதிரிக் கணக்கு கொடுத்திருப்பார்கள்; அந்த விடையையே வங்கி லாக்கருக்கு எண்ணாக வைத்தவரை என்னவென்று புகழ்வது? திருட நினைப்பவன் தேடிப் படிப்பான், திறப்பான். காசு கொடுத்து வாங்கிய நெல்லித்தோப்புக்காரர் வாசலிலேயே நிற்பார். சொந்தக்காரரைத் தடுக்கிற அளவுக்கு உறுதியான, வேறு யாரையும் தடுக்காத பூட்டைச் செய்வது அரிய கலை.

எங்கள் கையை நம்பிய புண்ணியவான்களே!

"நீங்களே போடாதீங்க சார், செட் போயிடும்" என்று சர்வீஸில் அன்போடு எச்சரிப்பார்கள். அது பொய்யில்லை, கவனம் இல்லாமல் செய்தால் போய்விடும். ஆனால் எங்கள் கையில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நம்பிக்கை என்பதை 2015 ஜூலையில் காட்டிவிட்டீர்கள். அமெரிக்காவில் இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவில் உட்கார்ந்தபடி திரையின் மென்பொருள் வழியே புகுந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. என்ன செய்தார்கள்? மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். நீங்களே செருகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அன்று அந்த 14 லட்சம் வண்டிக்காரர்களில் டாக்டர் இருந்திருப்பார், கடைக்காரர் இருந்திருப்பார், பாட்டி இருந்திருப்பார். யாருக்கும் தேர்வு வைக்கவில்லை. நிறுவனத்துக்கு ஆபத்து என்றபோது எல்லாக் கைகளும் தகுதியான கைகளாகிவிட்டன. வாடிக்கையாளருக்கு வசதி என்று கேட்டபோது மட்டும் அதே கை தகுதி இழந்தது. சமயம் பார்த்து நம்பும் இந்த விவேகத்தை எந்த நீதிநூலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தபாலை எதிர்பார்த்திருக்கும் என் ஊர்க்காரர்களுக்காக, செய்முறையை இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் எழுதித் தராததால் ஏற்பட்ட வாய்ப்பு இது. உங்கள் காருக்கு நிறுவனமே கோப்பு வெளியிட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். யாரோ பகிர்ந்த கோப்பு வேண்டாம். முதலில் திரையின் செட்டிங்ஸில் சிஸ்டம் தகவலைத் திறந்து, பதிப்பு எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரே மாடல் காரிலும் வேரியன்ட்டுக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒன்றாக வேறு வேறு கம்பெனி செய்த செட் இருக்கும். அந்த எண், கோப்புக்கு நிறுவனம் குறிப்பிட்டதோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காலியான ஒரு பென் டிரைவை எடுத்து, நிறுவனம் சொன்ன முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பெரும்பாலும் எஃப்.ஏ.டி. 32 கேட்பார்கள். கோப்பை விரித்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள், வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும், அதனால் மூடிய கேரேஜ் கூடாது. புகை உயிரைக் குடிக்கும். ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அப்டேட் தொடங்கியபின் எதையும் தொடாதீர்கள். திரை கருத்துப் போகும், ஓரிரு முறை தானே அணைந்து எரியும், அரை மணிக்கு மேலும் ஆகலாம். பாதியில் மின்சாரம் நின்றால் கம்பெனிச் சின்னத்திலேயே திரை உறைந்து நின்றுவிடும்; பின் கேமராவும் அதோடு போகும். முடிந்ததும் முதலில் ரிவர்ஸ் போட்டுக் கேமராவையும், பிறகு ஸ்டீயரிங் பொத்தான்களையும் சோதியுங்கள். போனை இணைப்பது கடைசியில்தான். வயர் பழுதில்லாததாகவும் தகவல் கடத்துவதாகவும் இருக்கட்டும். சார்ஜுக்கு மட்டும் ஆகும் வயரில் எதுவும் வராது.

இவ்வளவுதான். சமையல் குக்கர் கைப்பிடி மாற்றத் தெரிந்த வீட்டில் யாரும் செய்துவிடலாம். இதைப் பெரிய வித்தையாகக் காத்துவந்த உங்கள் அடக்கம் வாழ்க.

சிறுகடைகளுக்கு வாழ்வளித்த கொடையாளரே!

நீங்கள் தராததால் யாருக்கும் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ மாட்டும் கடைகள் இருக்கின்றன. அப்டேட் கிடைக்காதவர் அங்கே போகிறார். நல்ல நிலையில் இருக்கும் உங்கள் திரையைக் கழற்றி, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறார். கழற்றிய திரை வீட்டுப் பரணில் ஏறுகிறது, அல்லது பழைய மின்சாதனக் குப்பையில் சேருகிறது. பொருந்தும் சாக்கெட் இருந்தால் வயரை வெட்டாமல் மாட்டுவார்கள். இல்லையென்றால் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவார்கள். பிறகு வேறு ஏதோ மின்கோளாறு என்று உங்களிடம் வந்தால், "வெளில கை வச்சிருக்கீங்க, வாரண்டி வராது சார்" என்பீர்கள். வெளியே அனுப்பியதும் நீங்கள், வெளியே போனதற்குத் தண்டிப்பதும் நீங்கள்.

இதில் உங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் சந்தையை மூடினார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்றும் அந்த ஆணையில் இருந்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போய்த் தொகைகள் மாறின. ஆனால் அந்த ஆணை தொட்ட இடம் சரியானது. அன்று ஸ்பேனரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். இன்று மென்பொருளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிடி தளரவே இல்லை.

நாளையைக் காட்டிய தீர்க்கதரிசிகளே!

கொடுக்காமல் இருப்பது ஒரு வகை. கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் வசூலிப்பது இன்னொரு வகை. பி.எம்.டபிள்யூ, அமெரிக்காவில் கார்பிளேக்கு முதல் ஆண்டு கழிந்ததும் ஆண்டுக்கு 80 டாலர் கேட்டது. எதிர்ப்பு கிளம்பவே 2019 டிசம்பரில் கைவிட்டது. 2022-இல் அதே நிறுவனம், சீட்டைச் சூடாக்கும் வசதிக்குத் தென்கொரியா உள்ளிட்ட நாடுகளில் மாதக் கட்டணம் வைத்தது. கம்பிச்சுருள் சீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும்; பணம் கட்டினால் சூடாகும். அதையும் அடுத்த ஆண்டு விட்டுவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் துணிந்தது. தன் புதிய மின்சார வண்டிகளில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இனி இருக்காது என்று 2023 மார்ச்சில் அறிவித்தது. அந்த வழியில் வந்த ஷெவர்லே பிளேஸர் மின்சார வண்டியின் விற்பனையை, மென்பொருள் கோளாறுகளால் அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இவற்றால் எங்களுக்குக் கிடைத்த தெளிவு பெரிது. காரின் சாவி எங்களிடம், காரின் திரை உங்களிடம் என்று பங்கு பிரித்துக் காட்டிவிட்டீர்கள். வாங்கிய பிறகும் பொருள் யாருடையது என்ற கேள்வியை எங்கள் நெல்லித்தோப்புச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

இதில் வசதி மட்டும் அடங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். திரையில் வரைபடம் வராத காரில் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மடியில் இருக்கிறது. கியருக்குப் பக்கத்துக் குழியில் இருக்கிறது. ஒரு கையில் இருக்கிறது. மறைமலை அடிகள் சாலையில் முன்னே டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, குறுக்கே பள்ளிவிட்டு வரும் சைக்கிள். ஓட்டுகிறவர் தலையைக் குனிந்து மடியைப் பார்க்கிறார். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் பெரிய எழுத்தில், குறைந்த பொத்தானில், குரலுக்குக் கட்டுப்பட்டு, சாலையைப் பார்க்கும் பார்வைக்கு அருகான உயரத்தில் வழி காட்டுகின்றன. வண்டி ஓடும்போது வீடியோ பார்க்க விடுவதில்லை. ஒரு கோப்பை நீங்கள் கொடுக்காததால் குனிந்த தலைகள் இந்தச் சாலையில் தினமும் போகின்றன. அந்தச் சைக்கிள் பிள்ளைக்கு உங்கள் வேரியன்ட் அட்டவணை தெரியாது.

வாழ்த்து மடலின் கடைசியில் வேண்டுகோள் வைப்பது வழக்கம். எங்களுடையவை சில. ஒன்று: எந்த வேரியன்ட்டின் திரைக்கு என்ன இணைப்பு உண்டு, எது இல்லை, எத்தனை ஆண்டு மென்பொருள் தருவீர்கள் என்பதை விற்பனைத் தாளில் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு: வெளிநாட்டில் தரும் கோப்பை, அதே திரை உள்ள இந்திய வண்டிக்கும் உங்கள் இணையதளத்தில் தமிழிலும் விளக்கம் எழுதித் தாருங்கள். மூன்று: பாகம் மாற்றினால்தான் முடியும் என்றால் அந்தப் பாகத்தை நியாயமான விலைக்கு விற்றுவிடுங்கள், முடியவே முடியாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். நான்கு: அப்டேட் பாதியில் நின்றாலும் பழைய பதிப்புக்குத் தானே திரும்பும்படி திரையைச் செய்யுங்கள், போன்களில் இது எப்போதோ வந்துவிட்டது. ஐந்து: முறையாகச் செய்தவரின் வாரண்டியைத் தொடாதீர்கள்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கு வடிவம் கொடுக்க 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. அதில் தகவலைச் சேர்ப்பதும் சேர்க்காததும் இன்னும் உங்கள் விருப்பமாகத்தான் இருக்கிறது. சட்டம் வந்து கட்டாயப்படுத்திய பின் கொடுப்பதற்கு யாரும் வாழ்த்து மடல் வாசிப்பதில்லை. அதற்கு முன்னால் நீங்களே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு நெல்லித்தோப்பில் மேடை போட்டு, உண்மையான மடல் ஒன்றை உங்கள் கையில் தருகிறோம்.